அடைத்த துளை

குழாய் வேலை செய்கிறவன் வீட்டில்தான் குழாய் ஒழுகும் என்று ஒரு பேச்சு உண்டு. என் வீட்டில் ஒழுகாது. சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்பிப் பாருங்கள், சார். சமையலறைத் தொட்டிக்கு அடியில் கையை விட்டால் தூசிதான் ஒட்டும், ஈரம் ஒட்டாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மேசைமேல் கிடக்கிற அந்தக் கறுப்புக் குழாயைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எவனோ கத்துக்குட்டி பண்ணின வேலை" என்று இங்கே ஒரு ஏட்டு சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது கத்துக்குட்டி வேலை இல்லை. செய்தவன் நான். நன்றாகவே செய்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு இனிமேல் அவசரம் என்று ஒன்றும் இல்லை.

என் தங்கையின் கணவன் மரச்சாமான் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன். தெருவில் அவனை ரேஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டியது என்னவோ மூன்று பேர் ஓட்டித் தள்ளிய பழைய கார். ஆசைக்கு அளவேது? விடுமுறை வந்தால் வீட்டுக் கொட்டகையில் அதன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று எவனோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, மிதியடி, உபரி டயர், பின்பக்கத் தட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் போட்டான். நானும் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "எடை குறையணும்னா முதல்ல உங்க தொப்பையைக் கழட்டுங்க மாப்பிள்ளை" என்பேன். சிரிப்பான். அப்போதெல்லாம் எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. அவளோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்தவன் நான். ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ மாதிரி அவள் நெஞ்சு கரகரக்கும், நடுவே மெல்லிய விசில் ஒன்று வரும். விசில் வந்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். திருவிழாக் கூட்டத்து இரைச்சலில்கூட எனக்கு அது தனியாகக் கேட்கும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் அவளுக்கு அது வந்தது. அவனோ கார் இன்ஜினுக்குக் காற்று போகிற பெட்டியைக் கழற்றி, பாகங்களைச் செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா டாக்ஸி கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். "வேணாம்க்கா, இதோ பூட்டிடறேன். டாக்ஸி வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்" என்றானாம். என் தங்கை கொட்டகைப் படியில் உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு திருகாகப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று மருத்துவர் ஆரம்பித்தார். அதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டிருந்தது.

அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். பிடிக்கவில்லை. அவன் அழுத அழுகையைப் பார்த்து என் மனைவியே, "பாவம், அவரைத் தேத்துங்க" என்றாள். தேற்றினேன்.

சில மாதங்கள் கழித்து அவன் என் பட்டறைக்கு வந்தான். பாப்பாவையும் கூட்டி வந்திருந்தான். பாப்பா என்றால் தங்கையின் மகள், முதல் வகுப்பு படிக்கிறாள். அம்மாவின் மூக்கு, அம்மாவின் பிடிவாதம், அம்மாவின் அதே நெஞ்சு. மழைக்காற்று பட்டால் அவளுக்கும் இரைக்கும்.

"மச்சான், அன்னிக்கு வண்டி இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா அவளைக் காப்பாத்தியிருப்பேன். இன்ஜினுக்குக் காத்து பத்தலை. நாளைக்குப் பாப்பாவுக்கு ஒண்ணுன்னா நான் பறந்து போகணும். கடையில விக்கிற காத்துக்குழாய் செட்டு நமக்குக் கட்டுப்படியாகாது. உங்ககிட்டதான் குழாய் இருக்கே, அதுலயே செஞ்சு குடுங்களேன்."

பாருங்கள், சார். இத்தனை மாதம் யோசித்து அவன் கண்டுபிடித்தது இதுதான். தப்பு அவனுடையது இல்லையாம், இன்ஜினுடையதாம். மூச்சு கிடைக்காமல் செத்தவள் என் தங்கை. இவன் வண்டிக்கு மூச்சு போதவில்லை என்று என்னிடம் வந்து நிற்கிறான். இவன் இனி ஒரு மழைக்காலத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். "அதுக்கென்ன மாப்பிள்ளை, செஞ்சிட்டாப் போச்சு" என்றேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ஜினுக்குக் காற்று போகிற பழைய பெட்டியை எடுத்துவிட்டு, ஒரு குழாயைப் பூட்டி, அதன் முனையில் கூம்பு மாதிரியான ஃபில்டரை மாட்ட வேண்டும். அந்த ஃபில்டரை மட்டும் அவன் வாங்கி வந்தான். குழாய், வளைவு, ரப்பர் இணைப்பு, இறுக்கும் பட்டை எல்லாம் என் பட்டறையில் மிச்சம் கிடந்தவை. இன்ஜின் சூட்டில் இளகாதபடி கெட்டியான குழாயாகப் பார்த்து எடுத்தேன், அதன்மேல் சூடு தாங்கும் துணியைச் சுற்றினேன். குழாயின் வாய் எங்கே முடிய வேண்டும் என்பது ஒன்றுதான் கேள்வி. காரைச் செய்தவர்கள் அதை மேலே, முகப்பு விளக்கின் உயரத்தில் வைத்திருந்தார்கள். "மேல இன்ஜின் சூடு. குளிர்ந்த காத்து கீழதான் கிடைக்கும்" என்றேன். அது பொய் இல்லை. முன் பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கொண்டுபோய் முடித்தேன்.

கீழே இறங்குகிற குழாய்க்கு மேலே ஒரு துளை விடுவது என் வழக்கம். கீழ்வாய் தண்ணீரில் மூழ்கினாலும் மேலே காற்று வாங்கிக்கொள்ளும். யோசிக்காமலே என் கை அன்றும் அந்தத் துளையைப் போட்டுவிட்டது, பழக்க தோஷம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு மூடியை வைத்துப் பசை தடவி அடைத்தேன். குழாயைத் திருப்பிப் பாருங்கள், வளைவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இன்ஜின் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க அதனால் முடியாது. ஒரு வாய் உள்ளே போனால் போதும், இரும்பே வளைந்து நின்ற இடத்தில் நின்றுவிடும். அவன் கடையும் சரி, மருத்துவமனையும் சரி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். குறுக்கே போக வேண்டுமானால் சுரங்கப்பாதைக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். அதன் வடிகாலில் நான் வேலை பார்த்திருக்கிறேன். பெருமழை என்றால் இரண்டு பக்கத்துச் சாலைத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். முதலில் முழங்கால் அளவு நிற்கும், பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் உயரத்துக்கு ஏறும். மீதியை மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். என் கை அவன்மேல் படவே இல்லை.

வண்டி புதுச் சத்தம் போட்டது. "மச்சான் கை வச்சா கை வச்சதுதான்" என்று அவன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "கார் சிங்கம் மாதிரி உறுமுது மாமா" என்று பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் மழைக்குக் காத்திருந்தேன். பட்டறையில் வேலை செய்துகொண்டே ரேடியோவில் வானிலைச் செய்தி கேட்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. கொக்குக்கு இருக்கிற பொறுமை எனக்கும் இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே கொட்டியது. மதியம் அவனிடமிருந்து போன்.

"மச்சான், சுரங்கப்பாதை வாசல்ல நிக்கறேன். உள்ள தண்ணி இருக்கு, ஒரு லாரி வேற நின்னுபோய்க் கிடக்கு. போலாமா, இல்ல சுத்திப் போகட்டுமா? உங்களுக்குத்தான் அந்த இடம் தெரியும்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போலிருக்கிறது. வைப்பர் ஓடுகிற சத்தம், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கரகரப்பு, எல்லாமே கேட்டது.

"அது இப்ப வடிஞ்சிடும் மாப்பிள்ளை. நடுவுல நிறுத்தாம ஒரே மூச்சுல போயிடுங்க" என்றேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். பாதி வழியில் நின்றது. கதவுகளைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது. முன்பக்கக் கண்ணாடிகள் மின்சாரத்தில் இறங்குபவை, இறங்கவில்லை. பின்கதவுக் கண்ணாடி கையால் சுற்றி இறக்குவது. அவன் பின்னால் தாவி அதை இறக்கி, பாப்பாவை வெளியே தள்ளியிருக்கிறான். லாரியின்மேல் ஏறி நின்ற ஓட்டுநர் அவளை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டார். அந்த ஜன்னலில் அவன் நுழையவில்லை. தொப்பையைக் கழற்றச் சொன்னேன், கேட்டால்தானே.

அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் தங்கை படியில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வையை அவனும் கடைசியில் பார்த்திருப்பான். அது போதும் எனக்கு.

"மாமாதான் போகச் சொன்னாங்க" என்று பாப்பா உங்கள் பெண் காவலரிடம் சொன்னாளாம். குழந்தை பொய் சொல்லாது. ஆனால் அவள் வண்டிக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்கு இரைப்பு வந்து மருத்துவமனைக்குப் போகிறான் என்று தெரியாது, கடைக்குப் போகிறான் என்றுதான் நினைத்தேன். இந்த ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள், சார். அவள் இனி என் மனைவியிடம்தான் வளர வேண்டும், அவளுக்கு வேறு யாரும் இல்லை. பெரியவளான பிறகு கேட்பாள். அம்மாவுக்காகத்தான் மாமா செய்தார் என்று அவளுக்குப் புரிய வேண்டும். தெரிந்தே என்னையும் அனுப்பினார் என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

அந்தக் கரகரப்பு என்ன என்று மறுபடியும் கேட்கிறீர்கள். ரேடியோ, சார். மழையில் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காது, நடுவே விசில் அடிக்கும். வண்டியில் ரேடியோ ஓடுகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

எந்த ரேடியோ என்கிறீர்களா? அந்தக் கார் ரேடியோதான். எடை குறைய வேண்டும் என்று அதையும் அவன் கழற்றினான், நான்தான் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டேன். இப்போதும் பழைய பேட்டரி ஒன்றில் மாட்டி என் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். அன்று அவன் கூப்பிட்டபோது அதில்தான் மழைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவன் பேசுவது சரியாகக் கேட்க வேண்டுமே என்று, முதலில் அதை அணைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.