மெதுவாகக் கரையும் மாவு

டீயில் சர்க்கரை போட்டுவிட்டீர்கள். பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை. அக்கா வீட்டுக்காரருக்குத்தான் இருந்தது.

என் வேலை கோதுமை. சாதாரணக் கோதுமையின் மாவுச்சத்து வயிற்றுக்குள் போனதும் மளமளவென்று சர்க்கரையாகிவிடும். ரகத்தோடு ரகம் கலந்து, அது மெதுவாகக் கரையும்படி செய்தேன். சர்க்கரை ஒரேயடியாக ஏறாது, சொட்டுச் சொட்டாக வரும். பாதி ஆயுள் இதற்கே போயிற்று. ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு 'மாவுமில்லு' என்று பட்டப்பெயர். எலிகளுக்குக் கொடுத்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கக் குழு சம்மதிக்கவில்லை. "இன்னும் ரெண்டு அறுவடை பாத்துட்டு யோசிக்கலாம் மேடம்" என்றார் தலைவர். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். பேர் வேறு யாருக்கோ போகும்.

அத்தான் தையல்காரர். எழுவது, சாப்பிடுவது, ஊசி போட்டுக்கொள்வது எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். இன்சுலினை அக்காதான் போட்டுவிடுவாள். இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்கு எங்கே கிடைப்பார்? அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. அப்பா போன பிறகு என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்தவரே அவர்தான். என் முதல் வெள்ளைக் கோட்டையும் அவர்தான் தைத்தார்.

அக்கா குளிக்கப் போயிருந்தபோது டப்பாவில் இருந்த மாவை எடுத்துவிட்டு என் மாவை நிரப்பினேன். ரொட்டி சற்றுக் கெட்டியாக வந்தது.

"கடைக்காரன் மாவை மாத்திட்டான் போல" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்கு. பசி தாங்குது" என்றார் அத்தான். எனக்கு அன்று மனசு நிறைந்துவிட்டது.

அந்த ரொட்டி சாப்பிடுகிறவருக்கு ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும்; இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் குறைத்தால், மாவு செய்தது எது, மருந்து செய்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

அவர் கை நடுங்க ஆரம்பித்தது. யாரோ ஒருவருடைய கல்யாணச் சட்டையைக் கோணலாக வெட்டிவிட்டு, தையல் மெஷின்மேல் தலைவைத்து அழுதாராம். "வயசாகுதுல்லடி" என்றாள் அக்கா. ஆமாம் என்றேன்.

போன வாரம் மத்தியானம், ஊசியைப் போட்டுவிட்டு அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அத்தான் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"தலை சுத்துதும்மா. கொஞ்சம் சர்க்கரை கரைச்சுக் குடேன்."

விரலில் குத்திப் பார்த்தேன். ரத்தத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"இதோ வந்துடும் அத்தான். கண்ணை மூடிக்குங்க."

நான் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேண்டிய சர்க்கரை அவர் சாப்பிட்ட ரொட்டியிலேயே இருந்தது. கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். நான் ஒரு கரண்டி கொடுத்திருந்தால் அத்தனை வருஷ உழைப்பும் வீண். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விரல் மாற்றி விரல் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அக்கா என்று நினைத்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

அக்கா வந்தபோது, தூங்குகிறார் என்றேன்.

என்னை யாரும் இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிவரவில்லை, நானாகத்தான் வந்தேன். அக்கா ஊசியைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் விசாரணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நான்தான் கொன்னுட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். தப்பான முடிவு எழுதப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாவை மாற்றியது நான். சர்க்கரை கொடுக்காமல் இருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவின் ஊசியில் தவறில்லை. என் கோதுமையிலும் குறையில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருந்தால் சர்க்கரை வந்திருக்கும். அத்தான்தான் அவசரப்பட்டுவிட்டார்.