கயிற்றுக்காரர் சந்து, எண் நாற்பத்தெட்டு

…இல்ல, நான் கேக்கறேன், கப்பல்லேர்ந்து உங்களோட எறங்கின பதினொரு பேருக்குக் காது இருக்கா இல்லியா? மொத்தம் இருபத்திரண்டு காது! அத்தன காதுலயும் மூணு தடவ சொன்னேன். இந்த மேட்டுலேர்ந்து நேரா எறங்குங்க, கயித்துக்காரர் சந்து, நாப்பத்தெட்டு, மூணரை மணி. சீட்டுல எழுதிக் கையில வேற குடுத்தேன். இப்ப மணி என்ன? நாலு இருபது. வந்தாங்களா? ஒத்தக் காது கூட வரல.

நீங்க சாப்பிடுங்க, ஐயா. இந்த ஃபாரினாத்தா ரொட்டிய சூட்டோட சாப்பிட்டுரணும். கடலமாவும் எண்ணெயும்தானேன்னு லேசா நெனச்சுடாதீங்க, ஆறிப்போச்சுன்னா செருப்புக்கு அடியில வச்சுத் தைக்கலாம். இந்தக் கடக்கார எவரிஸ்தோ பன்னெண்டு பேருக்குன்னு ஒரு தட்டு முழுக்கச் சுட்டு வச்சிருக்கான். அங்கேர்ந்து மொறைக்கறான் பாருங்க. என்ன எவரிஸ்தோ, என்னப் பாத்தா? நானா அவங்களப் புடிச்சு ஒளிச்சு வச்சிருக்கேன்? …உடனே மேஜையத் தொடப்பான். இருபது வருஷமா அதே மேஜையத்தான் தொடைக்கறான், இன்னும் பிசுபிசுன்னுதான் இருக்கு.

உங்கள மட்டும் மேட்டுலேர்ந்து எறங்கற ஊர் லிஃப்ட்ல கூட்டிக்கிட்டு வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு! முட்டி வலிக்காரரு நீங்க. உங்களையும் படியில விட்டிருந்தா இப்ப பன்னெண்டு பேரத் தேடணும். அந்த லிஃப்ட்லயும் பாத்தீங்கல்ல, உக்கார ஒரு பலகை உண்டா? முன்னாடி இருந்துச்சு. எடுத்துட்டாங்க. ஏன்னு கேட்டா, ஜனங்க உக்கார்றாங்களாம். பலகையில உக்காராம பின்ன என்ன பண்ணுவாங்க? இந்த ஜெனோவாவுல எதக் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும்.

நீங்க நெனப்பீங்க, இந்தப் பொம்பள என்ன இப்படி மொனங்கறாளேன்னு. எங்க ஊருல அது உரிமை, ஐயா. நெஜமாத்தான். அந்தக் காலத்துல மாலுமிங்க கப்பல்ல ஏறும்போது ரெண்டு விதமா வேலைக்குச் சேரலாம்னு சொல்வாங்க. வாயத் தெறக்காம வேல செஞ்சா கூலி ஜாஸ்தி. மொனங்கிக்கிட்டே வேல செய்யணும்னா கூலி கம்மி. எங்க ஆளுங்க எதக் கேட்டு வாங்கினாங்கன்னு சொல்லணுமா என்ன? எங்கப்பா, அவங்கப்பா, எல்லாரும் கம்மிக் கூலிக்காரங்கதான்.

உங்க வீட்டம்மாவும் அந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க, இல்ல? பச்சத் தொப்பி. காலைல கப்பல்லேர்ந்து எறங்கினதுலேர்ந்து அவங்கதான் முன்னாடி போறாங்க. வழிகாட்டி நானா அவங்களான்னு எனக்கே ரெண்டு தடவ சந்தேகம் வந்துருச்சு. கோயில் வாசல்ல நின்னு எங்க ஊரு பெஸ்தோத் துவையலப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன், துளசி எலைய உரல்ல போட்டு இடிக்கணும்னு. 'மிக்ஸில அரைச்சா என்ன'ன்னு கேக்கறாங்க. பதிலுக்கு நல்லா சொல்லியிருப்பேன், சாமி சன்னிதியாச்சேன்னு விட்டுட்டேன். …ஆனா நீங்க என்ன, அவங்களக் காணோம்னு ஒரு கவலையும் இல்லாம நிம்மதியா உக்காந்திருக்கீங்களே? கவலைதானா? உங்க பெர்கமோ ஊர்க்காரங்க கவலப்பட்டா மூஞ்சி இப்படித்தான் இருக்குமா? சரி, எனக்கெங்க தெரியும்.

நம்பர் இருந்தாக் கூப்பிடலாம். நீங்க ஃபோனே வச்சுக்கறதில்லையா? சரி, வீட்டம்மா நம்பர் மனப்பாடமா இருக்கா? கல்யாணமாகி எத்தன வருஷமாச்சு? …நாப்பத்தோரு வருஷமா! நம்பர் தெரியாதா! என்கிட்டயா? நான் யாரு நம்பரையும் வாங்கறதில்ல, ஐயா. வாங்கி வச்சா நாளைக்குக் கூப்பிட்டு அடுத்த துறைமுகம் மார்சேயில மழ பெய்யுமான்னு கேப்பாங்க. நடந்த கதை அது.

நேரம் வேற ஓடுது. அஞ்சு மணிக்குக் கப்பல்ல ஏறி ஆகணும். ஏணியத் தூக்கிட்டாங்கன்னா தூக்கினதுதான். இங்கேர்ந்து துறைமுகத்துக்கு நான் நடந்தா இருபத்தஞ்சு நிமிஷம். உங்க முட்டியோட நடந்தா… சாப்பிடுங்க, சாப்பிடுங்க.

நாலு மணிக்கே ஃபியோரென்சாகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேனே, நீங்களும் கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க. கப்பல்காரங்களுக்கு வழிகாட்டிங்கள அனுப்பறவ அவதான். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. 'அவங்களா வழி தவறினாங்களா, உன்னால தவறினாங்களா?' எங்களாலன்னா, ஏஜென்சி பொறுப்பு. வேன் அனுப்புவா, கப்பலுக்குச் சொல்லி ஏணிய நிறுத்தி வைப்பா. அவங்களாப் போயிருந்தா அவங்க பாடு, ஏணி மேல போயிடும். நான் சட்டுனு சொல்லிட்டேன், அவங்களாத்தான் போனாங்கன்னு. பின்ன? நானா போகச் சொன்னேன்? ஏற்கெனவே இந்தக் கோடையில என் பேருல ரெண்டு புள்ளி வச்சிருக்கா. ஒரு தடவ கல்லறத் தோட்டத்துல பேச்சு கொஞ்சம் நீண்டுபோச்சு, கதவ மூடிட்டாங்க. இன்னொரு தடவ, அது விடுங்க, அது அந்தப் பாட்டுக்காரனோட தப்பு. மூணாவது புள்ளி விழுந்தா பட்டியல்லேர்ந்து பேரு போயிடும். எனக்குப் பதிலா காதுல மாட்டற கருவி ஒண்ணு வாங்கி வச்சிருக்கா, தெரியுமா? பொத்தான அமுக்கினா அது பேசுது. பொத்தான அமுக்கினா நிறுத்திடுது! நிறுத்தறதெல்லாம் ஒரு பேச்சா?

இந்தச் சந்துல நான் முப்பது வருஷமா நடக்கறேன், ஐயா. எந்த வீட்டு பால்கனிலேர்ந்து எந்நேரத்துக்குத் துணிய ஒதறுவாங்கன்னு எனக்குத் தெரியும். இது போச்சுன்னா நான் காலைல எழுந்து யாருகிட்டப் பேசறது? எங்க வீட்டுல ஒரு பூனதான் இருக்கு. அதுவும் பாதியில எழுந்து போயிடும்.

என்ன பாக்கறீங்க? கதவுக்கு மேலயா? அதான் நாப்பத்தெட்டு, போட்டிருக்கே, செவப்புல. …ஏன் செவப்புன்னா? என்ன ஐயா இது, கட செவப்பு, வீடு கறுப்பு. …உங்க ஊருல இல்லியா? அப்ப கடைக்கும் வீட்டுக்கும் ஒரே எண்ணா? எப்படிச் சமாளிக்கறீங்க? இங்க கடைங்களுக்கு ஒரு வரிச, வீடுங்களுக்கு ஒரு வரிச. கடைக் கதவு கிட்டகிட்ட இருக்கும், அதனால அந்த எண்ணு வேகமா ஏறும். செவப்பு நாப்பத்தெட்டு இதோ சந்தோட அடியிலயே வந்துருச்சு. கறுப்பு நாப்பத்தெட்டு மேல, அந்தப் படியெல்லாம் தாண்டி, உச்சியில ஒரு வீடு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கெடையாது. இதக் கொழந்த கூடக் குழப்பிக்காது.

என்னது? …ஆமா, அவங்களுக்கு எப்படித் தெரியும்னா, அதுக்குத்தான் நான் எப்பவும் செவப்புப் பேனாவுல எழுதுவேன். கடைன்னா செவப்பு மை, வீடுன்னா கறுப்பு மை. எங்க ஊருல எல்லாருமே அப்படித்தான். அதப் பாத்தா தானாப் புரிஞ்சுக்க வேண்டியதுதான். இதோ பாருங்க, என் பையிலயே இருக்கு, என் கைப்பட எழுதினது. செவப்பா இல்லியா?

உங்களுது எங்க? உங்களுக்கும் ஒண்ணு குடுத்தேனே. சட்டப் பையில பாருங்க.

…

குடுங்க, வெளிச்சத்துல பாப்போம்.

…

பன்னெண்டு பேருக்கும் எழுதினா கை வலிக்குதுன்னு… ஒண்ண எழுதிட்டு மிச்சத்த ஜெராக்ஸ் எடுத்தேன். அந்தக் கடக்காரன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, அம்மா, இது கறுப்பாத்தான் வரும்னு? …ஆமா. ஜெராக்ஸ் கறுப்பாத்தான் வரும்னு எனக்கும் தெரியும். தெரியாதுன்னு யாரு சொன்னா?

அப்ப அவங்க மூணரை மணிக்கே போய்ச் சேர்ந்திருப்பாங்க. மேல. மேலேர்ந்து எறங்கி வந்தா மொதல்ல அதுதான் வரும். ஆத்துல போட்டுட்டு கொளத்துல தேடறதுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் தேடக்கூட இல்ல. கொளத்தங்கரையில உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருக்கேன்.

மணி நாலு முப்பத்தஞ்சு.

ஓடிப்போய் அவங்களக் கூப்பிட்டுக்கிட்டு நடந்தா அஞ்சு மணிக்குள்ள கப்பலுக்குப் போய்ச் சேர முடியாது. வேன் வந்தாத்தான் உண்டு. வேன் வரணும்னா ஃபியோரென்சாகிட்டச் சொல்லணும். என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரியுமே… என்ன அப்படிப் பாக்காதீங்க ஐயா. பெர்கமோக்காரங்க இப்படிக் கூடப் பாப்பீங்களா? சொல்றேன். சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? மொதல்ல தண்ணி குடிச்சுக்கறேன்.

எவரிஸ்தோ, அந்தப் பக்க மேஜையப் போய்த் தொட.

…ஃபியோரென்சாவா? நான்தான், அர்மிதா. பதினொரு பேரும் அவங்களாப் போகல. என்னாலதான். நான் தப்பான எடத்த எழுதிக் குடுத்துட்டேன். என் தப்பு. …ஹலோ? ஃபியோரென்சா? கேக்குதா? …அர்மிதாதான் பேசறேன். இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. இல்ல, யாரும் பக்கத்துல நின்னு மெரட்டல. ஒரு பெரியவரு பாத்துக்கிட்டிருக்காரு, அவ்வளவுதான். …ஆமா. …ஆமா, மூணாவது. தெரியும். …சரி. …என்னது? எப்ப? …அப்படியா. …அப்படியா சொன்னாங்க. …சரி.

வச்சுட்டா.

பேர எடுத்துட்டா, ஐயா. நாளைலேர்ந்து வர வேண்டாம்னா. நான் சரின்னு சொன்னேன். ரெண்டு எழுத்துலயே பேச்ச முடிச்சுட்டேன், பாத்தீங்கல்ல? முப்பது வருஷத்துல மொத தடவ.

கப்பல நிறுத்தி வைக்கறாங்களாம். வேன் ஏற்கெனவே கெளம்பிருச்சு. நான் சொன்னதாலயான்னு கேக்கறீங்களா? இல்ல. உங்க வீட்டம்மா பத்து நிமிஷத்துக்கு முன்னாடியே, கழுத்துல தொங்கற அட்டையில இருக்கற நம்பரப் பாத்து ஃபியோரென்சாவக் கூப்பிட்டுட்டாங்களாம். அந்தக் கறுப்பு நாப்பத்தெட்டு வீட்டுக்காரங்க எல்லாரையும் உள்ள உக்கார வச்சுக் காப்பி குடுத்தாங்களாம். பதினொரு பேரும் சௌக்கியம், சீட்டுல எழுதியிருந்த எடத்துக்கு நேரத்துக்கு வந்துட்டோம், ரெண்டு பேரத்தான் காணோம்னு புகார் சொல்லியிருக்காங்க. அடையாளமும் சொன்னாங்களாம். ஒருத்தர் முட்டி வலிக்காரரு, வாயே தெறக்க மாட்டாரு. கூட ஒரு பொம்பள, அவ மூடவே மாட்டா.

அவங்கள ஏத்திக்கிட்டு அந்த வேன் நம்மளத் தேடித்தான் வருது.

எழுந்திரிங்க, ஐயா. சந்து முனை வரைக்கும் மெதுவாப் போயிடுவோம், என் தோளப் புடிச்சுக்கோங்க. ஒரு மணி நேரமா உக்காந்திருந்தோம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம். தேடிக்கிட்டே வந்த மாதிரி கொஞ்சம் மூச்சு வாங்குங்க.