முப்பது பேரும் ஒரே ஸ்டாண்டு

அதான் சொல்றேன்ணா, முப்பது பேர்ல ஒரே ஒருத்தர்தான் தமிழ்ல வழி வேணுங்கறாராம். அத வச்சு, ஆட்டோக்காரங்களுக்கு வழி சொல்ற எங்க ஆப்ல தமிழ்க் குரலையே எடுத்துடலாம்னு ரகு சார் முடிவே பண்ணிட்டாரு. எங்க மேனேஜரு. நல்ல மனுசன்தான், கொஞ்சம் அவசரம்.

நானா? டிரைவருங்க புகார் சொல்ல போன் பண்ணா எடுக்கறவ. இதே பெங்களூர்ல ஒக்கலிபுரத்துலருந்து தினம் எத்தன பேரு தமிழ்லயே திட்டறாங்க, எனக்குத் தெரியாதா? நேரா போயி, அந்த முப்பது பேரு யாரு சார்னு கேட்டேன். ஆபீஸ் வாசல் ஸ்டாண்டு ஆளுங்களாம். எல்லாரும் ராய்ச்சூர் பக்கத்துக் கன்னடக்காரங்க, அண்ணன், தம்பி, மச்சான். அந்தத் தமிழ்க்காரரும் சவாரி எறக்க வந்தவரு.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு உங்காளுங்கதானே சொல்றாங்கங்கறாரு. பானை ஒண்ணா இருந்தா சரி சார், பெங்களூர் பூரா ஆயிரம் அடுப்பு எரியுது, நீங்க ஒரு வீட்டுப் பருக்கைய நசுக்கிப் பாத்துட்டு ஊர் சோறே வெந்துடுச்சுன்னா எப்படின்னேன்.

சிரிச்சாருண்ணா. சரி, முன்னூறு பேரக் கேப்போம்னாரு. எங்க? பக்கத்து ஸ்டாண்டுங்கள்ல, அங்கயும் அதே ராய்ச்சூர் ஆளுங்க. அதே பானையில முன்னூறு பருக்கை எடுத்தாலும் அதே சோறுதானே?

கடைசில ஸ்னேஹான்னு கணக்கு பாக்கற பொண்ணுதான் வழி சொல்லுச்சு. பேரு, ஏரியா எதையும் பாக்காம மொத்த லிஸ்ட்லருந்து அறுநூறு பேர கம்ப்யூட்டரே சீட்டு குலுக்கி எடுக்கட்டும்னு. நாங்க நாலு பேரு போன் போட்டோம். எடுக்காதவங்கள விடல, நாலஞ்சு தடவ போட்டோம். அவங்களும் இந்த ஊர்ச் சோறுதானே? எனக்குச் சோறு எறங்கலண்ணா. தமிழ் கம்மியா வந்தா அதையும் ஒத்துக்கணும்ல, சண்ட போட்டவளே நான்தான்.

இன்னிக்கு மத்தியானம் கணக்கு வந்துச்சு. அறுநூறுல தமிழ் கேட்டவங்க நூத்தி இருவத்தி மூணு. அஞ்சு பேருக்கு ஒருத்தர். இருக்கட்டும் ஆஞ்சலா, தமிழ்க் குரல எடுக்கலன்னுட்டாரு ரகு சார். லிஃப்ட் வர்ற வரைக்கும் நிக்க முடியல, அஞ்சு மாடி படியில எறங்கி ஓடியாந்து உங்க வண்டில குதிச்சிட்டேன்.

அட, தமிழ்மேல பாசம் இருக்குண்ணா, இல்லன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல. நாலு வருசம் முன்னாடி, ஆபீஸ் புதுசு, ஆள் வச்சுப் பேச காசு கெடையாது. ஸ்டோர் ரூம்ல வெளிச் சத்தம் வராம போர்வையக் கட்டித் தொங்கவிட்டு, ரெண்டு நாள் மைக் முன்னாடி என்னையே ஒக்கார வச்சுப் பேசச் சொன்னாங்க. ரகு சார் அப்புறம் வந்தவரு, அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல. சொன்னா கணக்குல ஆசைய கலக்கறேன்னு நெனப்பாரு.

சரி, அடுத்த லெஃப்ட் எடுங்கண்ணா. உங்க போனும் அதையேதான் சொல்லுது பாருங்க. அதுவும் நான்தான்.