சாம்பல் நிறப் பட்டன்

கணினித் திரையில் வரும் எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை. பெட்டி எட்டிப் பார்த்ததும் கை தானாக 'சரி'யை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். அதைப் படிக்க வைப்பதுதான் என் பிழைப்பு.

அலுவலகத்தில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான். "பாதுகாப்பற்ற தளம்" என்றால் எவனும் சட்டை செய்யமாட்டான். கையைவிட்டுப் போகப்போவது இன்னதென்று சொல்ல வேண்டும். பெட்டியின் தோற்றத்தை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குப் பழகிவிடும். 'திரும்பிப் போ' பட்டன் பெரிதாக, பச்சையில். 'பரவாயில்லை, தொடர்க' சின்னதாக, மூலையில், சாம்பல் நிறத்தில். மேலதிகாரி என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் விட்டாள். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு, வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆள் எடுப்பதை இணையத்தில் பார்த்துவிட்டு வந்தாள். "நான் முதல்ல போறேன், நீங்க மெதுவா மாற்றல் வாங்கிட்டு வாங்க" என்றாள். நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சண்டை வரும், சண்டையில் அவள்தான் ஜெயிப்பாள்.

அவள் கணினியில் என் எச்சரிக்கை ஒன்றை வைத்தேன். அந்த ஆஸ்பத்திரியின் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் வரும். "உங்களைப் போன்ற ஒருவர் இங்கே சான்றிதழ்களைக் கொடுத்தார். அவர் பெயரில் இப்போது வேறொருவர் வேலை பார்க்கிறார்." அவள் பச்சையை அழுத்தினாள்.

"போன் போட்டுக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"அந்த நம்பரும் ஏமாத்துறவங்களோடதா இருந்தா?" என்றேன்.

அன்று சாப்பிடும்போது, "உங்கள மாதிரி ஆளுங்க இருக்கப் போய்தான் தப்பிச்சேன்" என்றாள். கூனிக் குறுகிப் போனேன். ஆனாலும் அடுத்து அவள் பார்த்த வேலைக்கும் ஒன்று செய்து வைத்தேன். அதற்கடுத்ததற்கும்.

இப்போது அவள் வேலை தேடுவதில்லை. மின்கட்டணம் கட்டக்கூட என்னைக் கூப்பிடுகிறாள். "இத அழுத்தலாமாங்க?" எப்பேர்ப்பட்ட முரடன் கையிலும் அசராமல் ஊசி குத்தியவள், விரலை நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அவள் தைரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றவன் நான்தான்.

இன்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி அவள் திரையில் வைத்துவிட்டேன். காலையில் திறந்ததும் வரும். நான் இல்லாமல் அவள் தனியாக எதையெல்லாம் சமாளிக்க வேண்டியிருக்கும் என்பதையும், உள்ளது உள்ளபடி, கடைசியில் சேர்த்திருக்கிறேன். முடிவு அவளுடையதுதான், நான் குறுக்கே வரமாட்டேன். 'மன்னித்தேன்' பெரிதாக, பச்சையில் இருக்கிறது. மற்றது மூலையில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.