நகத்தில் ஏறிய நீலம்

பூச்சியைப் படம் எடுப்பதற்கு முன்னால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். நிறையப் பேர் இதை மறந்துவிட்டுக் கேமராவைத் திட்டுகிறார்கள். ஜன்னலையும் சாத்திவிட வேண்டும். நான் எடுப்பது உள்ளங்கையை மறைக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை. அவ்வளவு கிட்டத்தில் ஒரு பெருமூச்சு பட்டாலே படம் கலங்கிவிடும்.

பூச்சியின் அளவு தெரிய ஒரு கை வேண்டும். அது என் மனைவியின் கை. மாமியார்கூடக் கேலி செய்வார்: "கட்டினவ மூஞ்சிய ஒரு படம் எடுக்கல, கைய மட்டும் ஆயிரம் எடுத்திருக்காரு மாப்பிள்ள." உண்மைதான். அவள் போன பிறகு பேப்பரில் போட மச்சினன் படம் கேட்டான். என்னிடம் கைதான் இருந்தது.

அவளுக்கு ஆஸ்துமா. இறக்கைத் தூள் ஒத்துக்கொள்ளாது. தெரிந்துதான் வந்து உட்காருவாள். என் மேல் அவ்வளவு பிரியம். ஒருமுறை இன்ஹேலர் அடித்த 'புஸ்' சத்தத்தில் ஒரு பூச்சி எழும்பிச் சுவரில் மோதி இறக்கையைக் கிழித்துக்கொண்டது. அதிலிருந்து இன்ஹேலரை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டால் நடுவில் கொடுப்பேன். நான் ஒன்றும் ராட்சசன் இல்லை.

அவள் போன அன்று காலை கூட்டை உடைத்துக்கொண்டு பூச்சி வெளியே வந்தது. விரிந்து காய்ந்த இறக்கையில் கீறல் இல்லாதது முதல் சில மணி நேரம்தான். சின்ன மணல் பையின் மேல் அவள் கையை வைத்தாள். பூச்சி ஏறி விரலைப் பற்றிக்கொண்டது.

"ஏங்க, நெஞ்சு அடைக்குது. அதக் குடுங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. மூச்ச அடக்கிக்க."

"முடியலங்க."

கை நடுங்கியது. எனக்கு எரிச்சலாக வந்தது. "கழுத்தறுக்காத," என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தலையை மேஜையில் சாய்த்துக்கொண்டாள். மணல் பை தாங்கியதால் கை மட்டும் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கேமராத் திரையில் அவள் நகம் நீலமாகத் தெரிந்தது. ஃப்ளாஷின் நிறம் பிசகிவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் முதலில் அதுதான் தோன்றும். நிறத்தைத் திருத்தி மறுபடி எடுத்தேன். பூச்சி மஞ்சளித்துப் போயிற்று, நகம் நீலமாகவே இருந்தது. குறை ஃப்ளாஷில் இல்லை என்று புரிந்துவிட்டது.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் சார். நிறத்தைப் பழையபடி மாற்றினேன். பூச்சி தானாகப் பறந்து போகும்வரை எடுத்தேன். குனியும்போதெல்லாம் இன்ஹேலர் நெஞ்சில் குத்தியது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் கை அன்றுதான் முதல்முறையாக நடுங்காமல் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பூச்சியின் உடம்பில் உள்ள ரோமம் ஒவ்வொன்றும் தெரியும். பார்த்திருந்தால் அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள். தூக்கில் போட்டாலும் விட்டாலும் எனக்கு இனி ஒன்றுதான். வீட்டில் இன்னொரு கூடு உடையும் பக்குவத்தில் தொங்குகிறது. கை நீட்டத்தான் ஆளில்லை.