ஓரத்தை உரித்துப் பாருங்கள்

பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, அவரை நிறுத்தத் தெரிந்த இல்லத்தரசி அவர்களே, பழுத்த பெரியோர்களே, லிஃப்ட் நின்றால் சம்பந்தமே இல்லாமல் என்னைத் திட்டும் தாய்மார்களே, வணக்கம்.

நம் பதினான்கு மாடிக்கும் புதுச் சட்டை போடப் போகிறோம். வெளிச்சுவர் முழுக்க அலுமினியப் பலகை. எதை ஒட்டுவது என்று இன்று கை தூக்கி முடிவு செய்ய வேண்டும்.

நேற்று வண்டி நிறுத்துமிடத்தில், பலகை விற்கும் என் அருமை மச்சினன் ஒரு வித்தை காட்டினார். தங்க நிறப் பலகையின் முகத்தில் லைட்டரைப் பிடித்தார். பற்றவில்லை. கை தட்டினீர்கள். தலைவர் எழுந்து நின்றே தட்டினார். ஐயா, தினமும் பால் பாத்திரத்துக்கு அடியில் தீ வைக்கிறோமே, பாத்திரமா எரிகிறது? பலகையின் முன்னும் பின்னும் உள்ள அலுமினியத் தகடு வெறும் தோல். இரண்டு தோலுக்கு நடுவே என்ன இருக்கிறது? (காற்று என்கிறார் பின்வரிசைக்காரர். காற்றாக இருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன்.)

கத்தியால் ஓரத்தை உரித்தேன். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக். அதே லைட்டர். பற்றியது, உருகியது, எரிந்துகொண்டே சொட்டியது. ஒரு சொட்டு தலைவரின் இடது செருப்பில். அவர் அவ்வளவு உயரம் துள்ளுவார் என்பது இல்லத்தரசிக்கே புதுச் செய்தியாம். மணல் வாளி இருந்தது, அணைத்தோம்.

மச்சினன் அசரவில்லை. "ஓரத்த யாரு மச்சான் உரிக்கப் போறாங்க?" என்றார். தீ உரிக்கும் மாப்ளே. ஜன்னலுக்கு ஜன்னல் வெட்டுவோமே, அங்கெல்லாம் ஓரம்தானே?

'உன் பலகையை விற்கத்தானே இந்தக் கூத்து?' என்று மாடிப்படியில் ஒருவர் மடக்கினார். ஆமாம், நானும் பலகை வியாபாரிதான். என்னையும் நம்பாதீர்கள். என் சரக்கையும் உரியுங்கள். லைட்டர் வெறும் வேடிக்கை. பலகை, வெயில் சூடு தடுக்கப் பின்னால் வைக்கும் பஞ்சு, நடுவில் விடும் இடைவெளி, அத்தனையையும் சுவராகவே நிறுத்திக் கொளுத்திப் பார்த்த சான்றைக் கேளுங்கள். கேட்டதும் எவன் முகம் சுருங்குகிறதோ, அவன் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். அது நானாக இருந்தாலும்.

பதினோராம் மாடித் தையற்கார அம்மா நேற்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தலைவருக்குத் துள்ளக் காலு இருந்துச்சு. படுத்தே கெடக்குற எங்க மாமியார் எப்படிண்ணே துள்ளுவாங்க?"

வாயால் பிழைக்கும் நான் அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன். அதோ, அந்த அம்மா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். தங்க நிறத்துக்குக் கை தூக்குபவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூக்குங்கள்.

யாரும் இல்லையா? தலைவரே, உங்கள் கை மட்டும் உயர்கிறதே... அடடா, அதில் இருப்பது நேற்றுப் பொசுங்கிய இடது செருப்பு. தங்கம் வேண்டாம் என்ற ஓட்டு விளங்கிவிட்டது ஐயா, கீழே போடுங்கள்.

என் நாக்கைப் பொறுத்துக்கொண்ட அத்தனை காதுகளுக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். வணக்கம்.