மெசினுக்கும் ஒரு பங்கு

நடந்ததை நடந்தபடியே இந்த மேடையில் பதிவு செய்வேன்; கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

பெற்றார் சங்கத் தலைவர் ஐயாவு அவர்களே, அதிபர் அவர்களே, இந்த மேடை விளக்குகளுக்குத் தம் ஜெனரேட்டரைத் தந்த மாணிக்கக் குழி முதலாளி அவர்களே, தேயிலைக் கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, கால் சேறு காயாத தந்தைமார்களே! பதினோராம் தரத்துத் துஷாந்தினியின் வணக்கம்.

எங்கள் பாடசாலைத் திடலைத் தோண்ட முதலாளி இன்று உங்கள் சம்மதம் கேட்கிறார். பதிலுக்குப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பைகளாம்! மண்ணுக்குள் இருக்கும் நீலக்கல்லுக்கு விலை உண்டு. மண்ணுக்கு மேல் இருக்கும் எங்களுக்கு?

போன மாதம் ஆற்றோரக் குழியில் கல் விற்ற பணத்தைப் பங்கு பிரித்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போன நானும் என் தோழி ஜீவராணியும் நின்று பார்த்தோம். காணிக்காரருக்கு ஒரு பங்கு. அனுமதிப்பத்திரக்காரருக்கு ஒரு பங்கு. குழிக்குள் இறங்கியவர்களுக்கு ஒரு பங்கு. நியாயம்! அடுத்து, குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் மெசினுக்கு ஒரு பங்கு. ஆம் பெரியோர்களே, மெசினுக்கு!

ஜீவராணி கேட்டாள்: "ஏன்டி, அந்த மெசின் எந்த ஸ்கூல்ல படிக்குது?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்த மெசின் இறைத்து இறைத்துத்தான் எங்கள் பாடசாலைக் கிணறு வற்றியது. கிணறு வற்றியதால்தான் முதல் பாடத்துக்கு மணி அடிக்கும்போது நாங்கள் குடத்தோடு ஆற்றில் நிற்கிறோம். முதல் பாடம் விஞ்ஞானம். வற்ற வைத்த மெசினுக்குப் பங்கு, வற்றிய கிணற்றுக்கு?

என்ன காத்தமுத்து மாமா? "மொதலாளி கோவிச்சுக்குவாரு, எறங்கு புள்ள" என்கிறீர்களா? கோபிக்கட்டும் மாமா! குடியிருக்கும் லயம் நமதில்லை, கிள்ளும் தேயிலை நமதில்லை. ஆனால் இந்தத் திடல் பாடசாலையின் பெயரில் இருக்கிறது. அப்படியானால் இங்கே காணிக்காரர் யார்? எங்கள் பாடசாலை!

முதலாளி சிங்களம் கலந்து ஏதோ சொல்கிறார். "ஹரி ஹரி, நங்கிக்கு பேக் ரெண்டா தாறேன்." சரி சரியாம், தங்கச்சிக்குப் பை இரண்டாம்! வேண்டாம் ஐயா. காணிக்காரரின் பங்கைப் பாடசாலைக்கு எழுதுங்கள். கிணறு வெட்டுவோம், ஆய்வுகூடம் கட்டுவோம், உயர்தர வகுப்பு விஞ்ஞானமும் இங்கேயே படிப்போம். கல் கொழும்புக்குப் போகட்டும். அதன் பலன் எங்கள் ஊர் றக்வானையில் நிற்கட்டும்!

தாய்மார்களே, தந்தைமார்களே! பங்கு வேண்டாம், பை போதும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

மாமா, உங்கள் கை?

"தலையச் சொறிஞ்சேன் புள்ள!"

அப்படியானால் ஒரு கையும் இல்லை. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். இதையும் பதிவு செய்கிறேன்: ஒரு கையும் உயராததைப் பார்த்த பிறகுதான் முதலாளியின் ஆட்கள் ஜெனரேட்டரை நிறுத்தி விளக்குகளை அணைத்தார்கள்.